இரு கரையைப் பிணைத்தது சர்க்காரா, சரக்கா? – சரக்கே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தொண்டி மக்களே, வணக்கம். மணி பத்தரை. எனக்கு முன்னால் பேசிய நான்கு பேரும் தமிழ்த்தாயை வாழ்த்திவிட்டார்கள். அவள் இந்நேரம் தூங்கப் போயிருப்பாள். நான் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாக் நீரிணையின் இரண்டு கரைகளையும் பிணைத்து வைத்திருந்தது சர்க்காரா, சரக்கா? நான் சரக்கு அணி. இதைச் சொல்லிவிட்டு வீட்டில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "அம்மாச்சி, வெள்ளிக்கிழமை எங்க போறீங்க?" என்று பேரன் கேட்டான். "சரக்குக்காகப் பேசப் போறேன்டா" என்றேன். அவன் அதை அப்படியே பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிவிட்டான். மறுநாள் டீச்சர் என் மகளைக் கூப்பிட்டு, "வீட்ல எல்லாம் நல்லா இருக்காங்களா?" என்று விசாரித்திருக்கிறார். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது பாக்கு, புகையிலை, அரிசி, சங்கு, முத்து, துணி. கடைசி வரிசையில் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்த அண்ணன்கள் மறுபடி சாய்ந்துகொள்ளலாம்.

எதிரணியின் முதல் பேச்சாளர் தொடக்கத்திலேயே ஒரு போடு போட்டார். "இந்தக் கடலின் பேரே சர்க்கார் பேர். ராபர்ட் பாக் என்று ஒரு மதராஸ் கவர்னர் இருந்தார், அவர் பேரைத்தான் வைத்திருக்கிறார்கள்" என்றார். உண்மை. மறுக்கவில்லை. ஆனால் அக்கரையில் தமிழர்கள் இதை எப்படி எழுதுகிறார்கள் தெரியுமா? பாக்கு நீரிணை. கவர்னர் துரைக்கு ஒரு உகரம் சேர்த்தார்கள், ஆள் தாம்பூலத் தட்டுக்கு வந்துவிட்டார்! அதுவும் பொருத்தம்தான். அந்தக் காலத்தில் இலங்கையிலிருந்து இந்தக் கரைக்கு வந்த சரக்கில் பெரிய சரக்கு கொட்டைப்பாக்கு. வெற்றிலை இந்தக் கரை, பாக்கு அந்தக் கரை, அதோடு ஒரு துண்டு யாழ்ப்பாணப் புகையிலை. மூன்றையும் வாயில் போட்டு மென்ற பிறகு, இது இந்த நாடு, இது அந்த நாடு என்று யாராவது பிரித்துத் துப்ப முடியுமா?

சரி. எதிரணித் தலைவர் ஓய்வு பெற்ற தாசில்தார். முப்பது வருடம் சர்க்கார் சம்பளம், இப்போது சர்க்கார் பென்ஷன். அவர் சர்க்காருக்காகப் பேசாவிட்டால்தான் பாவம். அவர் ஒரு கேலி பேசினார், நீங்களும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அதை நான் மறக்கவில்லை, மடியில் முடிந்து வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கதை.

மன்னாருக்குத் தெற்கே அரிப்பு என்று ஒரு கடற்கரை. மற்ற நாளில் மணலும் முள்ளும்தான். சலாபம் அறிவித்துவிட்டால், அதாவது முத்துக்குளிப்பு உண்டு என்று சொல்லிவிட்டால், ஓலைக்கொட்டகையாலேயே ஒரு நகரம் முளைத்துவிடும். கீழக்கரையிலிருந்து, காயல்பட்டினத்திலிருந்து, தூத்துக்குடியிலிருந்து, யாழ்ப்பாணத்திலிருந்து வள்ளம் வள்ளமாக ஆட்கள். நார்த் என்ற ஆங்கிலேய கவர்னர் இந்த வேடிக்கையைப் பார்ப்பதற்கென்றே அந்த மணலில் ஒரு மாளிகை கட்டினார். ராத்திரி பீரங்கி வெடிக்கும், கரைக்காற்றில் வள்ளங்கள் கிளம்பும். விடிந்ததும் குளிப்பவர் காலில் கல்லை மாட்டிக்கொண்டு இறங்குவார். ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சுக்குள் கூடையில் சிப்பியை அள்ளிவிட்டுக் கயிற்றை ஆட்ட வேண்டும். மத்தியானம் கடற்காற்று திரும்பும்போது வள்ளங்களும் திரும்பும். சிப்பியைத் திறக்காமலேயே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருந்தால் உன் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் நாற்றம் மட்டும் உனக்கு.

இத்தனைக்கும் நடுவில் ஒரு பயம்: சுறா. அதற்கு ஒரு ஆள் இருந்தார். கடல்கட்டி என்று பேர். கடலைக் கட்டுகிறவர், அதாவது மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுகிறவர். அவர் கரையில் உட்கார்ந்து மந்திரம் சொன்னால்தான் ஆட்கள் கடலில் இறங்குவார்கள். அவர் இல்லையென்றால் ஒருவரும் கயிற்றைத் தொடமாட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். சூரியன் மறையாத சாம்ராஜ்யம் என்று பின்னால் பீற்றிக்கொண்ட பேரரசு. பீரங்கி இருக்கிறது, பட்டாளம் இருக்கிறது. கண்டி ராஜாவையே கட்டித் தூக்கிய ஆட்கள். இந்த மந்திரமெல்லாம் மூடநம்பிக்கை என்று புத்தகம் புத்தகமாக எழுதியவர்கள். அவர்கள் என்ன செய்தார்கள்? கடல்கட்டிக்குச் சம்பளம் போட்டுக் கொடுத்தார்கள்! சர்க்கார் கணக்கில்! சுறாவுக்கு மந்திரம் சொல்கிற செலவு என்று கணக்கு எழுதிய கிளார்க்கின் முகத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இனிமேல்தான் கதையே. 1845இல் இலங்கைக்குக் காலனிச் செயலராக வந்தவர் எமர்சன் டென்னன்ட். பெரிய பதவி, கவர்னருக்கு அடுத்த நாற்காலி. அவர் அரிப்புக்குப் போனபோது கடல்கட்டியைப் பார்க்க ஆசைப்பட்டார். பார்த்தால், கடல்கட்டிக்கு உடம்பு சரியில்லை. பரம்பரையாகக் கடல் கட்டி வந்த அந்தக் குடும்பத்தின் அப்போதைய தலைவர் கத்தோலிக்கர் என்பது இன்னொரு சுவாரஸ்யம். மந்திரத்துக்கு மதம் தடையில்லை. உடம்பு சரியில்லாதவர் லீவு லெட்டரோடு நிற்கவில்லை, தனக்குப் பதிலாக ஒரு ஆளை அனுப்பியிருக்கிறார். துரை அந்த ஆளிடம் கேட்கிறார், உனக்கு அந்த மந்திரம் தெரியுமா என்று. அந்த ஆள் கூசாமல், "தெரியாது" என்கிறார். பிறகு எப்படி? "எனக்கு மந்திரம் தெரியாது. ஆனால் பெரியவருடைய பிரதிநிதியாக நான் இங்கே இருக்கிறேன் அல்லவா, அந்த மரியாதைக்கே சுறாக்கள் கட்டுப்படும்" என்றாராம். துரையே இதை எழுதி வைத்திருக்கிறார்.

சிரிப்பு இன்னும் முழுசாக வரவில்லையே. இதையே சுறாவின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கடலுக்கு அடியில் நாலு சுறா. காலையிலிருந்து பட்டினி. மேலே பத்துக் கால்கள் தொங்குகின்றன. சின்னச் சுறா கிளம்புகிறது. பெரிய சுறா தடுக்கிறது. "இருடா. கரையில யார் இருக்கா பார்த்துட்டு வா."

"பெரியவர் வரலையாம் அண்ணே. காய்ச்சலாம். அவர் ஆள் உட்கார்ந்திருக்கார்."

"மந்திரம் தெரியுமாமா?"

"தெரியாதாம்."

"முறைப்படி ஆர்டர் வாங்கிட்டு வந்திருக்காரா?"

"வாங்கியிருக்கார் அண்ணே."

"அப்பச் சரி. நாளைக்கு வருவோம்."

தாசில்தார் ஐயா, கோபிக்கக் கூடாது. நீங்கள் மெடிக்கல் லீவில் போன நாளில் உங்கள் நாற்காலியில் ஒருவர் பொறுப்பு என்று உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்த்து ஒரே ஒரு மணல் லாரி நின்றிருக்கிறதா? அன்று சுறா நின்றது ஐயா!

நடுவர் தலைப்புக்கு வரச் சொல்கிறார். தலைப்பில்தான் நிற்கிறேன். வரி கட்டு என்று சர்க்கார் கட்டளை போட்டால் வரி வரும். கடலுக்கடியில் போ என்று கட்டளை போட்டால் யாரும் போகமாட்டார்கள். கீழக்கரையிலிருந்து ஒருவர் அரிப்புக்கு வருவதற்குக் காரணம் பங்கு. எடுத்த சிப்பியில் நாலில் ஒரு பங்கு, பின்னாளில் மூன்றில் ஒரு பங்கு, குளித்தவர்களுக்கும் கூட வந்தவர்களுக்கும். பங்கு கொடுத்தாய், வந்தார்கள். கடல்கட்டியை உட்கார வைத்தாய், இறங்கினார்கள். அந்த மணலில் சர்க்கார்தான் சரக்குக்குக் கட்டுப்பட்டது. முத்துக்குளிப்பே சர்க்காரின் ஏகபோகம்தானே என்று எதிரணித் தங்கை வேகமாகக் குறிப்பெடுக்கிறார். எடுக்கட்டும், எழுத்து அழகாக இருக்கிறது.

சர்க்கார் இந்த இரண்டு கரைக்கும் செய்த பரிமாற்றத்தைப் பார்த்துவிடுவோமா? 1796இல் டச்சுக்காரர்களிடமிருந்து கம்பெனி இலங்கையின் கரையோரத்தைப் பிடித்தது. மதராஸ் சர்க்காரிடமே ஒப்படைத்தார்கள். கவனியுங்கள், இரண்டு கரைக்கும் ஒரே சர்க்கார். எதிரணி கனவு காண்கிற காலம். இரண்டு கரையும் கொஞ்சிக் குலாவியிருக்க வேண்டுமே? மதராசிலிருந்து அமில்தார்களை அனுப்பினார்கள். அமில்தார் என்றால் அந்தக் காலத் தாசில்தார். ஐயா, உங்களைச் சொல்லவில்லை, வரலாறு அப்படி இருக்கிறது. அவர்கள் போய்த் தென்னை மரத்துக்கு வரி போட்டார்கள். 1797இல் கலகம் வெடித்தது. 1798இல் லண்டனிலிருந்து ஒரு கவர்னர் வந்தார், 1802இல் மதராசின் கையிலிருந்து முழுசாகப் பிடுங்கி மன்னரின் காலனி ஆக்கிவிட்டார்கள். ஒரே சர்க்காராக இருந்த சமயத்தில் நடந்தது இவ்வளவுதான்.

அப்புறம் 1815. கண்டி விழுந்தது. கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் வம்சம். பிறந்தபோது வைத்த பேர் கண்ணுசாமி. அவரை 1816இல் கப்பலேற்றி வேலூர்க் கோட்டையில் அடைத்தார்கள். 1832இல் அங்கேயே கண்ணை மூடினார். ஆக, சர்க்கார் இங்கிருந்து அங்கே ஏற்றுமதி செய்தது வரி வசூல்காரரை. அங்கிருந்து இங்கே இறக்குமதி செய்தது ஒரு கைதியை. இதைத்தான் எதிரணி அரசியல் பரிமாற்றம் என்கிறது!

இன்னொன்று, சுருக்கமாக. 1825இல் இலங்கைக்குப் பவுன், ஷில்லிங், பென்ஸ்தான் பணம் என்று லண்டன் சொன்னது. சந்தை கேட்டதா? அரிசி எங்கிருந்து வருகிறது? நாகப்பட்டினத்திலிருந்து, வங்காளத்திலிருந்து. துணி எங்கிருந்து? இந்தக் கரையிலிருந்து. அரிசிக்காரருக்கு ரூபாய்தான் தெரியும். கொழும்பில் செட்டியார் தெருவில் கடன் புரண்டது ரூபாயில். தோட்டக்காரத் துரைக்கே ஆட்களுக்குச் சம்பளம் போட ரூபாய்தான் வேண்டியிருந்தது. 47 வருடம் முறைத்துப் பார்த்துவிட்டு, 1872இல் சர்க்கார் தன் கணக்கையே ரூபாய்க்கு மாற்றிக்கொண்டது. அதிலும் ஒரு வீம்பு: இங்கே ரூபாய்க்கு 16 அணா, அங்கே 100 சதம். நாம் 1957இல்தான் நூறுக்கு வந்தோம். பாம்பன் கால்வாயைச் சர்க்கார் ஆழப்படுத்தியதே என்று இரண்டாவது பேச்சாளர் கேட்டார். ஆமாம், வெடிவைத்துப் பாறையை உடைத்தார்கள். எதற்கு? கவர்னர் குளிப்பதற்கா? சரக்குக் கப்பல் தட்டாமல் போவதற்குத்தானே. நாவலரைச் சொன்னார்கள். ஆறுமுக நாவலர் 1849இல் மதராசுக்கு வந்து என்ன வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணம் போனார்? அச்சு இயந்திரம். அந்த இரும்பு சரக்கா இல்லையா? மதராஸ் பல்கலைக்கழகத்தில் 1857இல் முதன்முதலில் பி.ஏ. தேறிய இருவரும் யாழ்ப்பாணத்தார் என்பதை மட்டும் எதிரணிக்கு விட்டுக்கொடுக்கிறேன். எல்லாவற்றையும் நானே எடுத்துக்கொண்டால் நடுவருக்கு வேலை இருக்காது.

இப்போது மடியை அவிழ்க்கிறேன்.

தாசில்தார் ஐயா என்ன சொன்னார்? "சரக்கு இணைத்தது, சரக்கு இணைத்தது என்கிறீர்களே அம்மா, அந்தச் சரக்கு ஏறி வந்த வாகனத்துக்கு நம் மக்கள் வைத்த பேர் தெரியுமா? கள்ளத்தோணி!" என்றார். கைதட்டல். விசில். பின்னால் ஒருவர் துண்டை எடுத்துச் சுற்றினார். எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் என் பாட்டனாரின் தகப்பனார் தண்டல். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன், இங்கே வரி வசூலைச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் தோணிக்குத் தலைவரைத் தண்டல் என்போம். வாடைக்காற்றில் ஒரு கணக்கு, சோளகத்தில் ஒரு கணக்கு என்று இந்தக் கடலை உள்ளங்கையில் வைத்திருந்தவர்.

ஐயா, தோணிக்குக் கள்ளம் தெரியுமா? தோணி பலகை. கயிறு. பாய். அது காற்றுக்குத் தகுந்தபடி போகும். நடுக்கடலில் அதை நிறுத்தி, இதுவரை நல்ல தோணி, இனிமேல் கள்ளத்தோணி என்று சொல்ல ஒருவர் வேண்டும். கோடு போடுகிறவர். அந்தக் கோட்டைப் போட்டது யார்? நானா? என் பாட்டனாரின் தகப்பனாரா?

புகையிலையை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்து விவசாயி தோட்டத்தில் பாடுபட்டு வளர்த்த புகையிலைக்குப் பெரிய சந்தை திருவிதாங்கூர். இன்றைக்கும் மலையாளத்தில் ஜாப்பாணம் புகையில என்று பேர் இருக்கிறது. அந்த வியாபாரத்தைத் திருவிதாங்கூர் சர்க்கார் ஏகபோகமாக வைத்துக்கொண்டது. நான் சொன்ன விலைக்குத்தான் வாங்க வேண்டும், என்னிடம்தான் வாங்க வேண்டும். அப்புறம் கடத்தல் வராமல் என்ன வரும்? 1863இல் திவான் மாதவராவ் காலத்தில் அந்த ஏகபோகத்தை எடுத்துவிட்டு இறக்குமதித் தீர்வையாக மாற்றினார்கள். அதே புகையிலைதான், அதே கடல்தான். முதல் நாள் கள்ளச் சரக்கு, மறுநாள் தீர்வை கட்டிய நல்ல சரக்கு. சரக்கு மாறவில்லை ஐயா, சர்க்காரின் ரசீதுதான் மாறியது.

ஆள் போக்குவரத்துக்கும் இதே கதைதான். 1839இல் இந்தியாவிலிருந்து கூலிக்கு ஆள் போவதற்குச் சர்க்கார் தடை போட்டது. 1847இல் இலங்கைக்குப் போகலாம் என்று சட்டம் போட்டது. நடுவில் எட்டு வருடம் தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் பாம்பனிலும் தோணிகளைக் கட்டிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்களா? அக்கரையில் காப்பி பழுத்துவிட்டது, இக்கரையில் மழை பொய்த்துவிட்டது, தோணி போனது. சட்டம் பின்னால் மூச்சு வாங்க ஓடி வந்து கையெழுத்துப் போட்டது. நீங்கள் சொன்ன கள்ளத்தோணி என்ற சொல் மேடையிலும் பத்திரிகையிலும் பெருவழக்கானது எப்போது? 1948க்குப் பிறகு. பாஸ்போர்ட், விசா, குடியுரிமை என்று இரண்டு பக்கமும் சர்க்கார்கள் காகிதம் அடிக்க ஆரம்பித்த பிறகு. அதுவும் யாரைப் பார்த்துச் சொன்னார்கள்? மூன்று தலைமுறையாக இலங்கையின் மலைத்தோட்டங்களில் உழைத்தவர்களைப் பார்த்து. நூறு வருடத்துக்கு முன்னால் பகிரங்கமாகத் தோணி ஏறிப் போனவரின் பேரனைக் கள்ளத்தோணி என்றார்கள். அந்தச் சொல்லை வைத்து இந்தத் தொண்டி மண்ணில் நின்றுகொண்டு கைதட்டல் வாங்கலாமா ஐயா?

கோபப்பட்டுவிட்டேன். தண்ணீர் கொடுங்கள்.

எதிரணித் தங்கை, அந்தக் குறிப்பெடுக்கிற பிள்ளை, பேசி முடிக்கும்போது மெதுவாக ஒன்று கேட்டார். "அக்கா, காப்பித் தோட்டத்துக்குப் போன மனிதர்களும் உங்கள் சரக்குப் பட்டியலில் உண்டா?" அதற்கு யாரும் கைதட்டவில்லை. தாசில்தார் ஐயா பேச்சை விட என்னைக் குத்தியது அதுதான்.

உண்டு. அதை மறைத்துவிட்டு நான் பேச முடியாது. தோணி மன்னார்ப் பக்கம் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து வடக்குப் பாதை என்று ஒரு காட்டுத்தடம், மாத்தளை வரைக்கும் நாள்கணக்கில் நடை. தண்ணீர் இல்லாத இடம், யானை நடமாடுகிற இடம். காலரா கண்டவரைப் பாதையோரத்தில் விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்திருக்கிறார்கள். ஆள் சேர்த்த கங்காணி கொடுத்த முன்பணம் கடனாகி, ஆளுக்கு முன்னால் மலையேறிவிடும். துண்டு என்றால் நாம் தோளில் போடுவதை நினைப்போம். அங்கே துண்டு என்பது ஒரு சீட்டு: இந்தக் கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விட்டுவிடுகிறேன் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுப்பது. அடுத்த தோட்டத்துரை கடனைத் தீர்த்து ஆட்களை எடுத்துக்கொள்வார். ஆள் கைமாறும், கடன் கூடவே போகும். 1921 வரைக்கும் அது இருந்தது. இந்த இடத்தில் சர்க்காரும் சரக்கும் கூட்டாளிகள். என் அணித்தலைவர் முறைக்கிறார். முறைக்கட்டும்.

காப்பிக் காலத்தில் ஒரு ஆறுதல் இருந்தது. காப்பிக்குப் பருவம் உண்டு. பழம் பறிக்கப் போவார்கள், முடிந்ததும் கையில் கொஞ்சம் காசோடு ஊர் திரும்புவார்கள், பலர் அடுத்த வருடம் மறுபடி போவார்கள். 1869இல் காப்பி இலையில் துரு மாதிரி ஒரு நோய் வந்தது. பத்துப் பதினைந்து வருடத்தில் காப்பி மலை மொட்டையானது, தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது, வருடம் பூராவும் கொழுந்து கிள்ள வேண்டும். திரும்பி வருகிற பாதை அங்கேயே நின்றுபோனது. பிள்ளை பிறந்தது, பேரன் பிறந்தான், ஊரின் பேர் மட்டும் வாய்வழியாக மிஞ்சியது.

பிறகு இந்தியா, இலங்கை இரண்டு சர்க்கார்களும் உட்கார்ந்து, அந்தத் தோட்டத் தமிழரில் யாருக்கு எத்தனை பேர் என்று கணக்குப் பார்த்தன. 1964, அக்டோபர் 30. மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பேசிக்கொள்ளலாம். பாக்கு மூட்டையைப் பங்கு போடும்போதுகூடச் சிந்தியதைக் கூட்டி அள்ளுவார்கள். நடுவர் அவர்களே, தலைப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டு என்று நீங்கள் கையைக் காட்டுவது தெரிகிறது. அந்த நூற்றாண்டு என் வீட்டு வாசலுக்கு வந்ததே, அதைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

எனக்கு அப்போது ஏழு வயது. எங்கள் அப்பத்தா வீட்டுக் கூரையில் கிடந்த பனங்கை எல்லாம் யாழ்ப்பாணத்துப் பனை. அந்தக் காலத்தில் தோணி தோணியாக வரும். எங்கள் தண்டல் பாட்டன் கொண்டுவந்து போட்டது. அப்பத்தா அதை அக்கரைக் கட்டை என்பாள். கறையான் தொட்டதில்லை. ஒருநாள் சாயங்காலம் வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். கையில் ஒரு தகரப்பெட்டி. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, திரும்பி வந்தவர்களை வைத்திருந்த மண்டபம் கேம்ப்பில் இருந்துவிட்டு வந்திருக்கிறார். புருஷன் இல்லை, மகன் கேம்ப்பிலேயே காய்ச்சலில் படுத்திருக்கிறான். எங்கள் ஊரின் பேரைச் சரியாகச் சொன்னார். தன் தாத்தாவின் பேரையும் சொன்னார். அந்தப் பேரில் எங்கள் ஊரில் யாருக்கும் ஒருவரையும் தெரியவில்லை. திண்ணைத் திண்ணையாகக் கேட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்.

கூட நின்ற ஒருவர், "காயிதம் எதுவும் வச்சிருக்கீகளா?" என்று கேட்டார். அந்த அம்மா இடுப்பில் செருகியிருந்த பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். கை நடுங்கியது. அப்பத்தா அதை வாங்கவே இல்லை. "ஊர்ப் பேரைச் சொல்லிக்கிட்டுக் கடல் தாண்டி வந்திருக்கா, காயிதம் என்னத்துக்கு? கால் கழுவிட்டு உள்ள வா தாயி" என்றாள்.

அன்றைக்கு ராத்திரி அந்த அம்மா எங்களோடு அந்தக் கூரைக்குக் கீழேதான் படுத்தார். காலையில் நான் எழுந்து வரும்போது அவர் தகரப்பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். ஒரு சேலை, ஒரு போட்டோ, அதற்கு அடியில் துணியில் முடிந்த ஒரு பொட்டலம். அவிழ்த்தால் தேயிலை. அவர் கையாலேயே கிள்ளிய தோட்டத்துத் தேயிலை. வருகிற வழியில் எத்தனையோ மேசையில் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள், இதை மட்டும் எப்படியோ விட்டுவிட்டார்கள். வந்த வீட்டுக்கு வெறுங்கையோடு எப்படிப் போவது என்று கொண்டுவந்தாராம்.

அவரே அடுப்பை மூட்டித் தேத்தண்ணி போட்டார். அப்பத்தாவுக்கு ஒரு லோட்டா. எனக்கு அரை லோட்டா. ஒரு வாய் குடித்துவிட்டு அப்பத்தா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஒம் மகனைக் கூட்டிட்டு வர நாளைக்கு வண்டி கட்டச் சொல்றேன்" என்றாள்.

நடுவர் மணியை அடித்துவிட்டார். வருகிறேன்.